முப்பது கிலோ பூட்டு

போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணினார். பெங்களூரில் அவர் மருமகன் வேலை பார்க்கும் கம்பெனியில் பழைய சர்வர்களைக் கழித்து விற்கிறார்களாம்.

"சார், ஒண்ணு இருபதாயிரத்துக்கு வருது. வாங்கி வீட்ல வெச்சுட்டா குடும்பப் படம், பேப்பர் எல்லாம் ஒரே இடத்துல பத்திரமா இருக்கும்ல? நீங்கதான் ஏற்கெனவே பண்ணியிருக்கீங்களே."

"வேண்டாம்" என்றேன்.

அவருக்கு ஏமாற்றம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில், பழைய சர்வர் வாங்கி வீட்டில் வைத்ததைப் பற்றி நான் பெருமையாக எழுதியிருந்தேன். அதைப் படித்துத்தான் அவருக்கு ஆசையே வந்திருக்கிறது. அதை எழுதியவனே இன்று வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டாமா? போனில் சொல்லி முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அந்தப் பழைய பதிவைப் படித்த மற்றவர்களும் இதைப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வரவும்.

முதலில், தெரியாதவர்களுக்கு. நான் சொல்வது மேசையில் வைக்கும் கம்ப்யூட்டர் இல்லை. 19 அங்குல அகல இரும்புச் சட்டத்தில், அலமாரியில் தட்டு செருகுவதுபோலச் செருகி வைக்கும் ரேக் சர்வர். அதன் உயரத்தை 'யூ' கணக்கில் சொல்வார்கள். ஒரு யூ என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். கம்பெனிகள் கழித்துவிட்டு நம்மைப் போன்றவர்களிடம் வந்து சேர்வது பெரும்பாலும் 2யூ மெஷின். மூன்றரை அங்குல உயரம், இரண்டடிக்கு மேல் நீளம். டிஸ்க்குகளோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. ஒரு ஆள் தனியாகத் தூக்கக் கூடாது.

இந்த 19 அங்குல ரேக் எனக்குப் புதிதில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அது தொலைபேசிக்காரர்களின் சொத்து. என் உத்தியோக காலம் முழுவதும் ரேக்குகளுக்கு நடுவில்தான் போயிற்று. அதனால்தான் ஏமாந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பழகின பொருள், பழகின வாசனை. வீட்டுக்குள் வந்தபோது, ரிட்டயர் ஆன பிறகு எக்ஸ்சேஞ்சே என்னைத் தேடி வந்துவிட்டதுபோல ஒரு சந்தோஷம்.

கூட ஒரு கூட்டாளியும் இருந்தார். முப்பது வருஷம் என்னோடு ஒரே இலாகாவில் வேலை பார்த்தவர். பெயர் வேண்டாம், நண்பர் என்றே வைத்துக்கொள்வோம். 2021 ஜூன் மாதத்திலிருந்து கூகுள் படங்களுக்கான அளவில்லாத இலவச இடத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் 15 ஜி.பி.க்குள் கணக்கு வைக்க ஆரம்பித்தது நினைவிருக்கும். எங்கள் இருவருக்கும் 'இடம் நிரம்புகிறது' என்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது. "நம்ம படத்தை வைக்க நாம ஏன் வாடகை கட்டணும்? சொந்தமா ஒண்ணு வாங்கிடுவோம்" என்றார் அவர். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

2022 பிப்ரவரியில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போனோம். ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து, ஒரே மாதிரி இரண்டு மெஷின் பிடித்தோம். பத்து வருஷப் பழசு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் பிராசஸர், 64 ஜி.பி. மெமரி. விலை ஒன்றுக்கு 28,000 ரூபாய். லாரி பார்சலில் போட்டுத் திருச்சிக்கு அனுப்பினோம்.

அந்த மெஷின்களின் நல்ல குணத்தை மறைக்க மாட்டேன். மெமரியில் ஒரு பிட் புரண்டாலும் தானே கண்டுபிடித்துத் திருத்தும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை உருவி வேறு டிஸ்க் செருகலாம். பவர் சப்ளை இரண்டு. ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும். மெஷின் அணைந்திருந்தாலும் நெட்வொர்க் வழியாகவே உடல்நிலை பார்த்து எழுப்பலாம். புதிதாக வாங்கியபோது லட்சக் கணக்கில் விலை போன சாமான் அது. இரும்பு விலைக்குச் சற்று மேலே கிடைக்கிறது என்றால் எந்த இன்ஜினியருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

ஆனால் அமைக்கும் வேலை அத்தனை சுலபமில்லை. விற்றவர் கூடவே தந்த டிஸ்க்குகளைச் சோதித்துப் பார்த்தால், ஒன்று 41,000 மணி நேரம் ஓடியிருந்தது. நாலரை வருஷத்துக்கு மேல் இரவு பகலாக ஓடின டிஸ்க். அதை நம்ப முடியுமா? ஆளுக்கு நான்கு புது டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட், வாங்கினோம். மெஷினை விட டிஸ்க்குக்குத்தான் அதிகம் செலவாயிற்று. அடுத்தது, மெஷினில் இருந்த ரெய்டு கார்டு நாலு டிஸ்க்கையும் தானே ஒன்றாகக் கட்டிக் காட்டுகிற ரகம். நாங்கள் போட நினைத்த இசட்.எஃப்.எஸ். அமைப்புக்கு ஒவ்வொரு டிஸ்க்கும் நேரே தெரிய வேண்டும். வேறு கார்டு வாங்கிப் போட்டோம். புதுக் கார்டை மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஆபத்து என்று விசிறிகளை வேகமாகச் சுழற்ற ஆரம்பித்துவிட்டது. அதை அடக்க ஒரு வாரம். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. எங்களுக்கு அது இரண்டு மாதத் திருவிழா.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரேக் சர்வர் மனிதர் இல்லாத அறைக்காகச் செய்தது. அதன் விசிறிகளுக்கு அடக்கமாகப் பேசத் தெரியாது. ஆன் பண்ணின முதல் நிமிஷம் மாவு மில் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு அடங்கினாலும் இரவில் அடுத்த அறைக்குக் கேட்கும். என் வீட்டில் அது சாமான் அறைக்குப் போயிற்று. அங்கே இருந்த ஊறுகாய் ஜாடிகள் சமையலறைக்கு வந்தன. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

கரண்ட் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மீட்டர் வைத்து அளந்தேன். சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுத்தது. நம் காலத்து நூறு வாட் குண்டு பல்பு ஒன்றரை, ராத்திரி பகல் அணைக்காமல் எரிகிற கணக்கு. நாளைக்கு 3.6 யூனிட். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. அறுபது நாளைக்கு 216 யூனிட். அப்போது இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இந்த ஒரு பெட்டியே தின்றுவிட்டது. அதனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைத்த சலுகையும் குறையும். வாடகை கொடுக்க மாட்டேன் என்று சொல்லி வாங்கின பெட்டிக்கு நான் மாதாமாதம் கட்டியதும் வாடகைதான். கூகுளுக்குக் கட்டாமல் மின்வாரியத்துக்குக் கட்டினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, சத்தத்தையும் கரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த கேள்வி. உங்களிடம் வைப்பதற்கு என்னதான் இருக்கிறது? நான் எண்ணிப் பார்த்தேன். ஸ்கேன் பண்ணின பழைய படம், டிஜிட்டல் கேமரா காலத்துப் படம், செல்போன் படம், பேரன் பேத்தி வீடியோ, பத்திரங்களின் நகல், எல்லாம் சேர்த்து 310 ஜி.பி. அறுபத்தெட்டு வருஷ வாழ்க்கை, ஒரு டெராபைட் கையடக்க டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த டிஸ்க்கின் எடை கால் கிலோகூட இல்லை. கால் கிலோவில் முடிகிற காரியத்துக்கு 30 கிலோ எதற்கு?

"பாதுகாப்புக்கு" என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். நாலு டிஸ்க்கில் எந்த இரண்டு செத்தாலும் படம் போகாது. இதைவிட என்ன வேண்டும்?

இங்கேதான் பெரிய ஏமாற்று இருக்கிறது. டிஸ்க் சாவது என்பது படம் தொலைய நூறு வழிகளில் ஒரு வழி. கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் நாலு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். பழைய நிலைக்குத் திரும்பும் வசதியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால் தப்பிக்கலாம். மெஷினையே திருடிப் போனால்? வீட்டுக்குள் தண்ணீர் வந்தால்? 1977 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த திருச்சிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் நூலகத்தில் இருந்தது சுமார் 97,000 நூல்கள். சுவடிகளும் இருந்தன. 1981-இல் எரித்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு போயின. ஒரு பொருளை நாலு துண்டாக ஒரே பெட்டிக்குள் வைப்பதற்கும், நாலு ஊரில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை டிஸ்க் விற்கிறவர் சொல்ல மாட்டார். 'ஒரே இடத்தில் பத்திரமாக' என்றாரே என் நண்பர், அந்த இரண்டு வார்த்தையும் ஒன்றுக்கொன்று விரோதம்.

அந்த இரண்டு பவர் சப்ளை விஷயத்தையும் யோசியுங்கள். எக்ஸ்சேஞ்சில் இரண்டு வழி மின்சாரம் வரும். பின்னால் ஒரு அறை முழுக்க 48 வோல்ட் பேட்டரி. அதற்கும் பின்னால் ஜெனரேட்டர். என் வீட்டில் அந்த இரண்டு பவர் சப்ளையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில், அந்த யூ.பி.எஸ். ஒரே ப்ளக் பாயிண்டில். கோபுரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து கூரை வீட்டின் மேல் வைத்த கதை.

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்லப்போவதுதான் நான் இதை எழுதக் காரணம்.

நண்பரின் வீட்டில் பழைய ஆல்பங்களைக் கரையான் பிடித்துவிட்டது. அவர் அப்பா காலத்திலிருந்து வந்த படங்கள். சர்வர் வந்த உற்சாகத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஸ்கேன் பண்ணினார். அவருடைய அம்மா பேசின கேசட் ஒன்றும் இருந்தது. ஊர்க் கதை, உறவு முறை, யார் யாருக்கு என்ன வேணும் என்று முக்கால் மணி நேரப் பேச்சு. அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எல்லாம் முடிந்ததும் கரையான் அரித்த ஆல்பங்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். பூசணம் பிடித்த கேசட்டையும் அதிலேயே போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இனிமே எதுக்கு இந்தக் குப்பை" என்று நானும் சொன்னேன்.

2023 ஐப்பசியில் அவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த மூன்று நாளில் ஒரு ராத்திரி மழையில் அவர்கள் தெருவில் கரண்ட் போய் விடியும்வரை வரவில்லை. யூ.பி.எஸ். தீர்ந்து சர்வர் அணைந்திருக்கிறது. அதை அப்போது யார் கவனித்தார்கள்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி கூப்பிட்டார். "அண்ணா, அந்த மெஷினை ஒரு தடவை போட்டுக் கொடுங்க. ஹால்ல மாட்ட அவரோட சின்ன வயசுப் படம் ஒண்ணு வேணும். அத்தை பேசுனதையும் பொண்ணு கேக்கணும்ங்கறா."

போனேன். ஆன் பண்ணினேன். விசிறி கத்தி அடங்கியது. லேப்டாப்பில் அதன் பக்கம் வந்தது. நிர்வாகிப் பெயரும் கடவுச்சொல்லும் எனக்குத் தெரியும், சேர்ந்து போட்டதுதானே. நாலு டிஸ்க்கும் நல்ல ஆரோக்கியம் என்று பச்சை காட்டியது. படங்கள் இருந்த தொகுதிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் பூட்டுப் படம். அணைந்து எழுந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு ரகசியச் சொல் கேட்கும்படி அவர் வைத்திருந்தார். அது அவர் மனசில் மட்டும் இருந்தது.

பிறந்த நாள், கல்யாண நாள், ஸ்டாஃப் நம்பர், முதல் வேலை பார்த்த ஊர், பழைய லேண்ட்லைன் நம்பர், குலதெய்வத்தின் பெயர் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை. தொழில் தெரிந்த பையன்களைக் கேட்டேன். இந்த வகைப் பூட்டுக்கு மாற்றுச் சாவி கிடையாது, அதைச் செய்தவர்களாலும் திறக்க முடியாது என்றார்கள். அது உண்மைதான். அப்படித் திறக்க முடியாது என்பதற்காகத்தானே அதைப் போடுவது.

அதைப் போடச் சொன்னவன் நான். "பேங்க் பேப்பரெல்லாம் இருக்குது, திருட்டுப் போனா வம்பு, பூட்டிடுய்யா" என்று சொன்னது நான்தான். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சொன்னால் சிலர், "அது பூட்டின் குற்றம், சர்வர் என்ன செய்யும்?" என்று கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். பூட்டே இல்லை என்று வையுங்கள். அவர் மனைவி என்ன செய்திருப்பார்? எந்தப் பட்டனை அழுத்தினால் எழும், எந்த எண்ணை பிரவுசரில் அடித்தால் வரும், வந்த பிறகு எங்கே போக வேண்டும் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. மதர்போர்டு போய் மெஷினே எழாவிட்டால்? டிஸ்க்கை உருவி லேப்டாப்பில் மாட்டினால் விண்டோஸுக்கு அந்த அமைப்பைப் படிக்கத் தெரியாது. 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்கும். தெரியாதவர் 'சரி' என்று அழுத்துவார். அழுத்தாவிட்டாலும் பயனில்லை. படங்கள் டிஸ்க்குகளுக்கிடையே துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒரு டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆல்பத்தையும் முழுதாக எடுக்க முடியாது.

எக்ஸ்சேஞ்ச் எப்படி நடந்தது என்று இப்போது யோசிக்கிறேன். மெஷின் நல்ல மெஷின் என்பதால் மட்டுமா? ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. ஷிப்ட் முடிந்து போகிறவன் என்ன செய்தேன், என்ன பழுது, சாவி எங்கே என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். வருகிறவன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவான். அது இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. நாங்கள் ரேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தோம், ரெஜிஸ்டரைக் கொண்டுவரவில்லை. முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர், கடைசி ஷிப்டை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று யோசிக்கவே இல்லை.

கடைசியில் அவர்களுக்குப் படம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து. 'என்ன இப்படி மட்டமாக அனுப்புகிறீர்கள், வாட்ஸப் படத்தைச் சுருக்கிக் கெடுத்துவிடும்' என்று நண்பர் எல்லோரையும் திட்டுவார். ஆனாலும் ஸ்கேன் பண்ணும்போது ஆசைக்கு அவரே அனுப்பின சில படங்கள், கரூரில் ஒரு மச்சினர் போனில், சார்ஜாவில் ஒரு அண்ணன் மகன் போனில் என்று தங்கியிருந்தன. திரட்டிப் பார்த்ததில் அறுபது சொச்சம். ஹாலில் இன்று மாட்டியிருக்கும் படம் அதில் ஒன்று. பெரிதாக்கியதில் கொஞ்சம் மங்கல்தான். அம்மாவின் குரலை அவர் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. அது போயிற்று.

இது நமக்குப் புதிய பாடமா? நம் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டார். ஒரே ஏட்டை நம்பியா அச்சிட்டார்? ஊர் ஊராகப் பிரதிகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பாடம் கண்டார். ஓலை சில நூறு வருஷம் தாங்கினால் பெரிது. நூல்கள் அதற்கு மேலும் பிழைத்தது, யாரோ ஒருவர் அடுத்த ஓலையில் எழுதி வேறொரு வீட்டில் வைத்ததால்தான். பிழையோடு எழுதின ஓலைகூட, கைக்கு எட்டாத நல்ல ஓலையை விடப் பயன்பட்டது.

எதிர்வாதம் இன்னும் இரண்டு இருக்கிறது, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, "பையன் பார்த்துப்பான்." எந்தப் பையன்? வேறு நாட்டில், வேறு நேரத்தில், நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற பையன். அவன் வருஷத்தில் இரண்டு வாரம் லீவில் வருவான். அந்த இரண்டு வாரத்தில் அப்பா விட்டுப்போன பழைய சர்வரின் விசிறியைச் சரி செய்ய வேண்டும் என்று அவனுக்கு எழுதி வைக்காதீர்கள். சொத்து வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேலை வைத்துவிட்டுப் போகிறோம்.

இரண்டு, "அப்படியானால் கூகுளே போதும்." போதாது. 2023-இல் அவர்கள் கொண்டுவந்த விதிப்படி, இரண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை நீக்கிவிடலாம். நாம் போன பிறகு கணக்கை யார் தொடுவார்கள்? ஆனால் அவர்களிடமே அதற்கு ஒரு வழி இருக்கிறது. கணக்கு அமைப்பில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்று ஒன்று உண்டு. இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குத் தகவல் சொல்லி என் படங்களைக் கொடு என்று இப்போதே எழுதி வைக்கலாம். பத்து நிமிஷ வேலை. நாங்கள் இரண்டு மாதம் கார்டையும் விசிறியையும் கட்டிக்கொண்டு அழுதோமே, அதில் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்கவில்லை.

நான் இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். இதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

ஒரே அளவில் இரண்டு கையடக்க ஹார்ட் டிஸ்க். விண்டோஸிலும் மேக்கிலும் செருகினவுடன் திறக்கிற எக்ஸ்ஃபேட் அமைப்பு. பூட்டு கிடையாது. என் பேரன் மொட்டையடித்த படத்தைத் திருடிப் போய் யார் என்ன செய்யப்போகிறார்கள்? பேங்க் விவரம், கடவுச்சொல் எதையும் அதில் வைக்கவில்லை. ஒரு டிஸ்க் என் பீரோவில், இன்னொன்று கோயம்புத்தூரில் மகள் வீட்டில். வருஷா வருஷம் போகிப் பண்டிகைக்கு மகள் வரும்போது அதைக் கொண்டுவருவாள். என் டிஸ்க்கில் சேர்ந்த புதுப் படங்களை அதில் ஏற்றிச் சரிபார்த்து, இரண்டையும் மாற்றிக்கொள்வோம். டிஸ்க் என்பது கெடுகிற சாமான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கெடும்வரை காத்திராமல் புதிது வாங்க வேண்டும். இதோடு கூகுளில் ஒரு பிரதியும் இருக்கிறது, வாடகை கட்டித்தான். மேற்கொண்டு நூறு படங்களைத் தேர்ந்தெடுத்துக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு ஆல்பமாக வைத்தேன். பின்னால் பென்சிலில் பெயர், ஊர், வருஷம். கரையான் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பீரோவில் ரேஷன் கார்டும் பென்ஷன் புத்தகமும் இருக்கிற தட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. எங்கே என்ன இருக்கிறது, எப்படித் திறப்பது, ஒரு பக்கம். தமிழில், கையெழுத்தில். அதுதான் என் ரெஜிஸ்டர்.

பரீட்சையும் வைத்தேன். வீட்டுக்காரியிடம் டிஸ்க்கைக் கொடுத்து, "நம்ம பொண்ணு கல்யாணப் படத்தை எடு பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். முதல் தடவை முடியவில்லை. நோட்டில் நான் எழுதியிருந்தது எனக்குப் புரிகிற பாஷை. அவளையே சொல்லச் சொல்லி மாற்றி எழுதினேன். இரண்டாம் தடவை ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். வாசகர்களும் இந்தப் பரீட்சையை வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் என்ன மெஷின் வைத்திருந்தாலும் சரி, அமைத்தவர் இல்லாதபோது வீட்டில் மிச்சமிருப்பவர் திறக்க முடியாவிட்டால், அதற்குச் சேமிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

பழைய சர்வரே கூடாது என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மெஷின் கிடைக்காது. என்னுடையதை எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன். பிரித்துப் போட்டுப் படிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறது. பொழுதுபோக்குக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குடும்பத்தின் நன்மைக்காக வாங்குகிறேன் என்று சொல்லாதீர்கள். நாங்கள் சொன்னோம். அது பொய் என்று எங்களுக்கே அப்போது தெரியவில்லை.

நண்பரின் மெஷின் இன்னும் அவர் வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. காயலான் கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், கொடுக்கவில்லை. எப்போதாவது நான் போகும்போது அவர் மனைவி ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதாவது எழுதி வைத்திருப்பார். ஒரு பழைய பெயர், அவர் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை. "அண்ணா, இதைப் போட்டுப் பாருங்களேன்."

மெஷினை வெளியே இழுத்து ஆன் பண்ணுகிறேன். விசிறி கத்தி அடங்குகிறவரை இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பிறகு போட்டுப் பார்ப்பேன்.